கடைமடைக்கும் எட்டிய அழைப்பு

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் அது நாளிதழுக்குச் செய்தி. பேராவூரணி விவசாயிக்கு அது இன்னும் செய்தி ஆகவில்லை. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, கல்லணைக் கால்வாயில் திரும்பி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வயல்களைக் கடந்து, தன் ஊர் ஏரியில் விழுகிற நாளைத்தான் அவர் கணக்கில் வைத்திருப்பார். 1934-ல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கால்வாய் அது. பேராவூரணி அதன் கடைமடை. இங்கே தென்னந்தோப்பு ஓரமாக நின்று பேசுகிறவர்கள் இரண்டு சொற்களை ஒன்றாகக் கலப்பதில்லை. ‘திறந்தாச்சு’ வேறு, ‘வந்தாச்சு’ வேறு.

கிறிஸ்தவச் சபைகளிலும் இந்த இரண்டும் வேறு வேறுதான். எல்லாரையும் வரவேற்கிறோம் என்று சொல்லாத சபை கிடையாது. அந்த வரவேற்பு கடைசியில் தயங்கி நிற்கிறவர் வரை வந்து சேர்கிறதா என்பது தனிக் கேள்வி. ஒருவர் எப்படி ஊழியத்துக்கு வருகிறார் என்ற கேள்வியும் இதனோடு பின்னிக் கிடக்கிறது.

ஊழிய அழைப்பைத் தனி மனித அனுபவமாகப் பேசுவதே வழக்கம். நடு இரவில் செய்த ஜெபம், கன்வென்ஷன் மேடையில் கேட்ட செய்தி, பெரிய நோயிலிருந்து பிழைத்தபோது செய்த பொருத்தனை என்று சாட்சிகள் அமையும். அவை பொய்யல்ல. ஆனால் தஞ்சை மண்ணின் முந்நூறு ஆண்டுக் கிறிஸ்தவ வரலாற்றைப் பொறுமையாகப் படித்தால் அந்த அனுபவங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்பது தெரியும். அழைப்பு முளைத்த இடத்தில் யாரோ பாய் விரித்து ‘உட்காருங்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அழைப்பு தடைபட்ட இடத்தில் அந்தப் பாயை யாரோ சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

குருந்த மரத்தடி

தெய்வம் மனிதனை அழைக்கிறது என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்குக் கப்பலில் வந்த சரக்கல்ல. பேராவூரணிக்குத் தென்மேற்கே, அதிகத் தொலைவில்லாத ஆவுடையார்கோயில்தான் பழைய திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சர் திருவாதவூரர் இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு மாணிக்கவாசகர் ஆனார் என்பது மரபு. அந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. குரு தனியாக அமர்ந்திருக்கவில்லை. சுற்றிலும் அடியார்கள் இருந்தார்கள். அமைச்சர் வந்து சேர்ந்தது ஒரு கூட்டத்துக்குள். ‘ஆட்கொள்ளுதல்’ என்ற சொல்லும் ‘அடியார் கூட்டம்’ என்ற சொல்லும் சைவ மரபில் அருகருகே வாழ்கின்றன. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-ல் வெளியிட்ட ஜி. யு. போப், 1850-களில் தஞ்சையில் ஊழியம் செய்தவர்.

கிறிஸ்தவ இறையியலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 1530-ல் லுத்தரன்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14-ஆம் பிரிவு, முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் பொதுவில் போதிக்கவோ திருவருட்சாதனங்களை நடத்தவோ கூடாது என்கிறது. உள்ளத்தில் கேட்ட குரலைச் சபையும் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். அமெரிக்க இறையியலாளர் எச். ரிச்சர்ட் நீபர் 1956-ல் எழுதிய நூலில் அழைப்பை நான்காகப் பிரித்தார்: கிறிஸ்தவராக வாழ எல்லாருக்கும் வரும் அழைப்பு, ஒருவர் மனத்துக்குள் உணரும் அந்தரங்க அழைப்பு, திறமையும் சூழலும் காட்டும் அழைப்பு, சபை வெளிப்படையாகக் கொடுக்கும் அழைப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஆவணமும், அழைத்தலை வளர்க்கும் கடமை கிறிஸ்தவ சமூகம் முழுவதற்கும் உரியது என்றது. கத்தோலிக்கர் ‘இறை அழைத்தல்’ என்கிறார்கள், சீர்திருத்தச் சபையார் ‘ஊழிய அழைப்பு’ என்கிறார்கள். பெயர் எதுவானாலும் அதில் பாதி சபையின் கையில் இருக்கிறது.

இந்தக் கொள்கை நடைமுறையில் எப்படி ஓடியது என்று பார்க்கத் தஞ்சையை விட நல்ல களம் தமிழ்நாட்டில் இல்லை.

ஆறுமுகம் ஆரோன் ஆனது

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூச்சோவும் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714-லும் முழு நூல் 1715-லும் தமிழில் அச்சேறின. 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அந்த ஆண்டில்தான் கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்ற இளைஞர் சீகன்பால்கிடம் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். சீகன்பால்கு மறு ஆண்டே இறந்துவிட்டார். ஆரோன் உபதேசியாராக வேலை தொடங்கினார்.

உபதேசியார் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் போதகர் அல்லர். திருமுழுக்கோ திருவிருந்தோ கொடுக்க முடியாது. ஊர் ஊராக நடந்து வாசிப்பார், கற்பிப்பார், நோயாளியைப் பார்ப்பார், சாவு வீட்டில் ஜெபிப்பார், நடந்ததை எல்லாம் மிஷனரிகளிடம் வந்து சொல்வார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வெளியான அறிக்கைகளில் தமிழ்க் கிராமங்களின் வாழ்க்கை இவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருப்பதற்கு இவர்களின் கால்களும் கண்களும் ஒரு பெரிய காரணம். சபை மக்கள் அன்றாடம் பார்த்த முகம் உபதேசியாருடையதுதான்.

ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை அரசரின் எல்லைக்குள் விருப்பம்போல் நுழைந்து ஊழியம் செய்ய முடியாத காலம் அது. உள்நாட்டில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க ஒரு தமிழ்க் குரு தேவைப்பட்டார். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் ஆரோனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியச் சீர்திருத்தச் சபை வரலாற்றில் முதல் இந்தியக் குரு அவர்தான். மாயவரம் வட்டாரம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. 1745-ல் இறக்கும்வரை காவிரிக் கரை ஊர்களில் அலைந்தார்.

பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர்களைச் சுற்றிய பிறகே ஆரோனுக்கு அந்தப் பட்டம் வந்தது என்பதை மறக்கக் கூடாது. மக்கள் அவரைப் பார்த்தார்கள், அவர் மக்களைப் பார்த்தார். தலையில் கை வைக்கப்பட்ட நாளில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

தஞ்சையின் இரு சாட்சிகள்

பேராவூரணிக்குக் கிழக்கே கடற்கரையில், மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814–15-ல் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைக் கட்டிய அரசரை வளர்த்து ஆளாக்கியவர்களில் ஒருவர் ஒரு மிஷனரி என்பது அங்கே பலருக்குத் தெரிவதில்லை.

கிறிஸ்டியன் ஃபிரடெரிக் ஸ்வார்ட்ஸ் 1750-ல் தமிழகம் வந்தார். தரங்கம்பாடி, திருச்சி என்று இருந்துவிட்டு, 1778 முதல் தஞ்சையில் தங்கினார். துளஜா மன்னர் தன் வளர்ப்பு மகன் சரபோஜியை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். 1798 பிப்ரவரி 13 அன்று ஸ்வார்ட்ஸ் இறந்தார். அவர் படுக்கை அருகே சரபோஜி நிற்கும் காட்சியைச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் சலவைக்கல்லில் செதுக்கினார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஸ்வார்ட்ஸ் வீட்டின் கதவு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் திறந்திருக்கவில்லை என்பதற்கு இந்தக் கல்லே சான்று.

அதே வீட்டிலிருந்து இன்னொரு பாதை தெற்கே போயிற்று. தஞ்சையோடு தொடர்புடைய மராத்திய பிராமணக் கைம்பெண் ஒருவர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, அவர் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தார். திருமுழுக்குக் கேட்டபோது, திருமணமில்லாத அந்த உறவைக் காரணம் காட்டி ஸ்வார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்த பின், 1778-ல் திருமுழுக்குக் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் பெற்ற அந்தப் பெண் ஏற்கப்படும்வரை காத்திருக்கவில்லை. மறுக்கப்பட்ட காலத்திலும் ஜெபத்தையும் வாசிப்பையும் விடவில்லை. பாளையங்கோட்டையில் தன்னைச் சுற்றி ஒரு சிறு சபையைக் கூட்டினார். 1780-ல் எழுதப்பட்ட அந்தச் சபைப் பதிவேட்டில் 40 பேர், பல சாதியார். அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785-ல் ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே அழைத்தார்கள்.

அந்தச் சபையை மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. தஞ்சையிலிருந்து உபதேசியார் சத்தியநாதன் அனுப்பப்பட்டார். 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சையில் ஸ்வார்ட்ஸ் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். அன்று சத்தியநாதன் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792-ல் லண்டனில் அச்சானது. காவிரிக் கரையில் ஒரு தமிழர் பேசியது தேம்ஸ் கரையில் வாசிக்கப்பட்டது. பிற்காலத்தில் லட்சக்கணக்கானோரைக் கொண்ட திருநெல்வேலித் திருச்சபைக்கு அடித்தளம் போட்டவர்கள் என்று இந்த இருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. மற்றவருக்கு அந்தப் பேச்சே எழவில்லை, அவர் பெண்.

சிதம்பரத்துக்குப் போனவர் தஞ்சையில் நின்றார்

அழைப்புக்கும் வரவேற்புக்கும் உள்ள உறவை ஒரே கதையில் காட்ட வேண்டுமானால் மயிலாடி மகாராசனின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மயிலாடியில் வாழ்ந்தவர் மகாராசன். ஒடுக்கப்பட்ட சாம்பவர் சமூகம். ஆழ்ந்த பக்தர். 1799 வாக்கில் உறவினர் ஒருவரோடு சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். தில்லையில் அவர் தேடியது கிடைக்கவில்லை. மனம் சோர்ந்து திரும்பும் வழியில் தஞ்சையில் இருந்த உறவினர்கள் வீட்டுக்குப் போனார். அவர்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிறன்று ஆலயத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே பிரசங்கம் செய்தவர் ஜான் காஸ்பர் கோலாஃப். தரங்கம்பாடியில் பிறந்து, ஸ்வார்ட்ஸின் நிழலில் வளர்ந்து, தமிழைத் தாய்மொழிபோல் பேசிய போதகர்.

மகாராசனை நிறுத்தியது எது? பிரசங்கம் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அது மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. அந்நாளில் கோயில் கோபுரத்தைத் தொலைவிலிருந்தே கும்பிட வேண்டிய ஒருவர் ஓர் ஆலயத்துக்குள் நடந்து போகிறார். சொந்த பந்தம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தனக்குப் புரிகிற மொழியில், தன்னையும் சேர்த்து ஒருவர் பேசுகிறார். ஆராதனை முடிந்த பின்னும் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை; இருந்து கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். மகாராசன் தங்கினார், கற்றார், திருமுழுக்குப் பெற்றார். வேதமாணிக்கம் என்ற புதுப் பெயரும் கையில் தமிழ் வேத நூலுமாக மயிலாடிக்கு நடந்தார்.

ஊரில் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் சிறு கூட்டம் ஒன்று அவரோடு சேர்ந்தது. மிஷனரி யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத நேரத்தில் ஒரு சபை உருவாகிவிட்டது. பிறகு வேதமாணிக்கம் மறுபடி சோழ நாட்டுப் பக்கம் வந்தார். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஜெர்மானிய ஊழியர் ரிங்கல்தௌபே அப்போது தரங்கம்பாடியில் தங்கி, எங்கே போவது என்று தெரியாமல் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். வேதமாணிக்கம் அவரைத் தன் ஊருக்கு அழைத்தார். 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்குப் போனார். 1809-ல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816-ல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டுப் போனபோது சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார்.

இந்த வரிசையை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. தஞ்சைச் சபை மகாராசனை ஏற்றது. வேதமாணிக்கமான மகாராசன் மயிலாடியைக் கூட்டினார். மயிலாடிக்காரர் ஒரு ஜெர்மானியரை அழைத்தார். மிஷனரி மக்களை அழைத்தார் என்று பாடப் புத்தகம் சொல்லும். தென் திருவிதாங்கூரில் மக்கள்தான் மிஷனரியை அழைத்தார்கள். அந்த நீண்ட சங்கிலியின் முதல் கண்ணி, சிதம்பரத்திலிருந்து களைத்து வந்த உறவினருக்கு ஒரு வேளைச் சோறு போட்டு, ஞாயிறன்று ‘கோயிலுக்கு வாங்க’ என்று கூப்பிட்ட, பெயர் பதிவாகாத ஒரு தஞ்சைக் குடும்பம்.

சுருட்டிய பாய்

இதுவரை சொன்னது வரலாற்றின் ஒரு பக்கம். மறுபக்கத்தின் பெயர் இராஜநாயக்கன்.

தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர் அவர். பறையர் சமூகத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷ நூல் அவர் கைக்கு வந்தது. வாசித்தார். திரும்பத் திரும்ப வாசித்தார். 1727 வாக்கில் தரங்கம்பாடி மிஷனோடு தொடர்பு கொண்டார். படை வேலையை விட்டு உபதேசியாரானார். மிஷனரிகள் கால் வைக்க முடியாத தஞ்சையில் சபைகள் உருவாக உழைத்தவர்களில் அவருக்கு முதன்மையான இடம் உண்டு. அடிபட்டார், சொந்தக்காரர்களின் பகையைத் தாங்கினார், ஊழியத்தை விடவில்லை.

ஆரோனுக்குப் பின் இரண்டாம் தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபோது, தகுதியால் முன்னால் நின்றவர் இராஜநாயக்கன். அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வரமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இராஜநாயக்கன் உபதேசியாராகவே தொடர்ந்தார்.

அழைப்பு இருந்தது. உழைப்பு இருந்தது. வாசிப்பு இருந்தது. நீபர் சொன்ன நான்கில் மூன்று அவரிடம் நிறைவாக இருந்தன. நான்காவதைத் தரவேண்டிய சபை தரவில்லை. தலையில் வைக்க வேண்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

தரங்கம்பாடி ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகப் பிரிந்து, இடைவெளி விட்டு உட்காரும் வழக்கம் இருந்தது. தஞ்சையிலும் அப்படித்தான். வேதமாணிக்கத்தை ஏற்ற அதே தஞ்சைச் சபைதான் இதுவும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஸ்வார்ட்ஸால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, அவர் நிழலில் படித்து, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய பெருங்கவிஞர். ஒரு சிறுவனாக அன்போடு ஏற்கப்பட்டவர், முதியவரானபோது இன்னொருவர் தன் பக்கத்தில் உட்காருவதை ஏற்கவில்லை. ஜி. யு. போப் தஞ்சைக்கு வந்தபோதும் இந்தச் சண்டை ஓயவில்லை. சாஸ்திரியாரின் பாடல்களை நேசிப்பவர்களுக்கு இது வலிக்கும் செய்திதான். வலிக்கிறது என்பதற்காக மறைத்தால், அதே தவறு இன்று வேறு உருவத்தில் நடக்கும்போது அடையாளம் தெரியாமல் போகும்.

யாழ்ப்பாணத்தில் எழுந்த கேள்வி

ஒரு சபை இன்னொரு சபைக்கு அழைப்பாவதும் உண்டு. திருநெல்வேலித் திருச்சபையைச் சேர்ந்த, வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களை, வெளியூர் ஊழியத்துக்கு அனுப்பி வந்ததைப் பார்த்தார். திருநெல்வேலியில் இவ்வளவு பெரிய சபை இருந்தும் ஏன் இது இல்லை என்ற கேள்வி அவரைக் குடைந்தது. மறு ஆண்டு, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. 1909-ல் அசரியாவே குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் மேலைநாட்டு மிஷனரிகளிடம் கேட்டது பணமோ ஆளோ அல்ல, நட்பு. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடாமல் செய்யும் ஊழியம் அரைகுறையானது என்ற உணர்வு அந்தப் பேச்சின் அடியில் ஓடியது.

சாப்பாட்டையே இறையியலாக்கியவர் இன்னொருவர். மதுரை அரசரடியில் 1969-ல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரில் பாட்டெழுதியவர் (1940–2005). நாட்டுப்புற மெட்டுக்களை ஆராதனைக்குள் கொண்டுவந்த அவர், ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதைத் தன் சிந்தனையின் மையத்தில் வைத்தார். சாதி உயிரோடிருப்பது அடுப்பங்கரையில் என்பதால், அதை முறிக்க வேண்டிய இடமும் அடுப்பங்கரைதான் என்பது அவர் கண்ட வழி. அந்தக் கல்லூரி தன் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் படிக்க வைத்ததற்கும் இதே உணர்வுதான் காரணம்.

ஒரு ஞாயிறு காலை

பேராவூரணி வட்டாரம் தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி–தஞ்சைத் திருமண்டல எல்லைக்குள் வருகிறது. கத்தோலிக்கர்களுக்கு 1952-ல் உருவான தஞ்சை மறைமாவட்டம். இவற்றோடு லுத்தரன், பெந்தெகோஸ்தே சபைகளும் உண்டு. டெல்டாவின் சிறு சபைகளில் ஒரு ஞாயிறு காலையை அருகில் போய்ப் பார்த்தால் அழைப்பு முளைக்கும் இடம் தெரியும்.

மணி அடிப்பது பெரும்பாலும் ஒரு சிறுவன். கயிறு அவன் உயரத்துக்கு எட்டாது, எம்பித்தான் பிடிப்பான். வாசலில் செருப்புகள் குவியும். ஒரு பெண் பாய்களை உதறி விரிப்பார். உபதேசியார் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவார். வேதபாடம் வாசிக்க இன்று யார் என்று ஒரு கேள்வி எழும். வழக்கமாக வாசிக்கும் பெரியவர் நிமிர்வார். அந்த ஒரு நொடியில் உபதேசியார் பின்வரிசையில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து, ‘நீ வாசிம்மா’ என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

சொன்னால், அவள் எழுந்து நடப்பாள். கை நடுங்கும். பெயர்களில் நாக்கு இடறும். வாசித்து முடித்துத் திரும்பும்போது ஒரு பாட்டி ‘நல்லா வாசிச்ச ஆத்தா’ என்பார். அடுத்த வாரம் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொல்வார்கள். பிறகு விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் சங்கம், பாடகர் குழு. அறுப்பின் பண்டிகையில் தேங்காயும் நெல்லும் பூசணியும் கோழியும் ஏலம் போகும்போது கணக்கு எழுதும் நோட்டு அவள் கையில் இருக்கும். ஒரு நாள் போதகர் ஐயாவிடம் தயங்கித் தயங்கி வந்து, ‘இறையியல் படிக்கலாமா?’ என்று கேட்பாள். சாட்சி சொல்லும்போது ஒருவேளை ஒரு கன்வென்ஷன் இரவை மட்டும் சொல்வாள். அந்த இரவுக்கு வழி வெட்டியது ‘நீ வாசிம்மா’ என்ற ஒரு சொல்.

முறைமைகளும் இதைத்தான் ஒப்புக்கொள்கின்றன. போதகராக விரும்புகிறவரைத் திருமண்டலம் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவர் வளர்ந்த குருசேகரம் பரிந்துரைக்க வேண்டும். தேர்வுக்குழு பேட்டி காண வேண்டும். பிறகுதான் செராம்பூர் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான படிப்பு. 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்த தென்னிந்தியத் திருச்சபையின் குருப்பட்ட ஒழுங்கில் பேராயர் கை வைப்பதற்கு முன்பு கூடியிருக்கும் மக்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இவர் இந்த ஊழியத்துக்குத் தகுதியானவர் என்று நம்புகிறீர்களா? மக்கள் வாய் திறந்து பதில் சொன்ன பிறகே கை தலைக்குப் போகும். 1741-ல் இராஜநாயக்கனுக்காக இந்தக் கேள்வியைக் கேட்கவே அஞ்சினார்கள்.

கிளாரிந்தாவுக்கு எழாத பேச்சு 1970-களில் எழுந்தது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் தொடங்கியது. 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகி, அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். கத்தோலிக்கத் திருச்சபையில் 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார்; தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால். இராஜநாயக்கன் சுவிசேஷ நூலை வாசித்த காலத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர இவ்வளவு காலம்.

வந்து சேராத வாய்க்கால்கள் இன்னும் இருக்கின்றன. சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் போகும், போகாது என்று வழக்காடும் பங்குகள் உண்டு. இறை அழைத்தல் குறைந்துவருகிறது என்று கவலைப்படும் மேய்ப்பர்கள், 1964 முதல் ஆண்டுதோறும் அழைத்தல் ஞாயிறைக் கொண்டாடி ஜெபிக்கிறார்கள். ஜெபம் தேவைதான். அதோடு தங்கள் கையில் இருக்கும் பாதியையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

குருசேகரக் கமிட்டிகளுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ற ஓராண்டில் உங்கள் ஆலயத்தில் வேதபாடம் வாசித்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே, குடும்பப் பதிவேட்டில் உள்ள பெயர்களை எழுதுங்கள். எந்தத் தெரு, எந்தக் குடும்பம், ஆணா பெண்ணா என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தாளில் ஒருமுறைகூட வராத பெயர்கள் இருந்தால், வருகிற ஞாயிறு அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். மயிலாடிச் சபையும் அதைச் சுற்றி வளர்ந்த சபைகளும் தஞ்சையில் ஒரு வீட்டார் தங்கள் விருந்தாளியை ஆலயத்துக்குக் கூப்பிட்டதிலிருந்துதான் தொடங்கின.